தினைச் சோறும் நிலக்கடலையும்

குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 மலர்களின் பெயர்களையும் தடையின்றி ஒப்பிக்க வல்லார் எம் வகுப்பில் மூவர் உளர். அவருள் யானும் ஒருவன். அப்பெருமையுடன் சென்ற ஆண்டு வரை தலை நிமிர்ந்து நடந்தேன். அஃது எவ்வாறு குன்றியது என்பதைச் சொன்னாலன்றி, தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் அடுக்களைப் பொருள்பற்றி இம்மலரில் எழுதப் புகுந்ததன் காரணம் விளங்காது.

அப்பாட்டை எமக்கு நடத்திய ஆசிரியர் ஒருநாள் மூன்று சிறு பொட்டலங்களுடன் வகுப்பிற்கு வந்தார். மேசைமேல் மூன்று வெள்ளைத் தாள்களை விரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி தானியத்தைக் கொட்டி, "இவற்றுள் தினையரிசி எது, சாமை எது, வரகு எது? எழுதிக் கொடுங்கள்" என்றார். வகுப்பில் பேச்சு மூச்சு இல்லை. தலைவியும் தோழியும் தினைப்புனங் காத்த வரலாற்றைப் பக்கம் பக்கமாக வரைந்தவர்களே நாங்கள். தழல், தட்டை, குளிர் என்னுங் கிளிகடி கருவிகளுக்கு விளக்கமும் எழுதியவர்கள். ஆயினும் கிளி எதனை நாடி வந்ததோ அதனை மட்டும் கண்ணால் அறிந்திலோம். நூல்களிற் செந்தினை என்று படித்த நினைவால், மூன்றனுள் சற்றே செந்நிறமாகத் தோன்றியதைத் தினையென்று யான் எழுதினேன். அது வரகு. தினையோ மஞ்சள் நிறத்ததாய்க் கடுகினுஞ் சிறிது பெரிதாய் அடுத்த தாளிற் கிடந்தது. சரியாக எழுதியவர் இருவரே. ஒருவர் உழவர் மகனார். மற்றவர் வீட்டுக் கூண்டிற் குருவி வளர்ப்பவர். குருவிக்கு அவர் வாரந்தோறும் வாங்கிப் போடுவது தினையாம்!

முன்னொருகால் இதே வகுப்பில் ஒரு தோழர் 'குறிஞ்சித் திணை' என எழுத வேண்டிய இடத்து இரண்டு சுழி னகரமிட்டுக் 'குறிஞ்சித் தினை' என்று எழுதி மதிப்பெண் இழந்தார். அவரை நாங்கள் நகைத்தோம். இப்பொழுது எண்ணுங்கால், அவர் எழுதியதிலும் ஓர் உண்மை இருந்ததென்றே தோன்றுகின்றது.

அவ்வாண்டு விடுமுறைக்கு என் பாட்டியார் ஊருக்குச் சென்றேன். அது கொல்லிமலையின் அடிவாரத்துள்ள ஒரு சிற்றூர். வல்வில் ஓரி ஆண்ட அம்மலையின்மேல் இன்றும் சாமையும் தினையும் விளைகின்றன. சந்தையில் ஒரு படி தினையரிசி வாங்கிக்கொண்டு போய்ப் பாட்டியார் முன் வைத்து, "இதைச் சோறாக்கக் கற்றுக்கொடுங்கள் பாட்டி" என்றேன். அவர் பையைத் திறந்து பார்த்தார், என்னையும் பார்த்தார். "படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்குக் கண்ணு? நல்ல அரிசி இருக்குதே" என்று சொல்லிப் பையைக் கட்டி மூலையில் வைத்துவிட்டார். அவர் அங்ஙனம் செய்ததன் காரணம் எனக்கு அன்று புலப்படவில்லை.

மறுநாள் அவர் வயலுக்குச் சென்றிருந்த வேளையில் யானே சமைக்கத் துணிந்தேன். ஒரு பங்கு தினைக்கு மூன்று பங்கு நீர் வைத்து, கழுவிய தினையை உடனே அதிலிட்டு, அடிப்பிடிக்குமோ என்னும் அச்சத்தால் கரண்டிகொண்டு இடைவிடாது துழாவினேன். விளைந்தது சோறன்று, களியுமன்று. வெளியே குழைந்து, உள்ளே நறுக்கென்று, ஆங்காங்கே கல்லுங் கலந்து கிடந்தது. திரும்பி வந்த பாட்டியார் ஒரு வாய் எடுத்துப் பார்த்து, "கூழுக்கும் ஆகாது, சோத்துக்கும் ஆகாது. கோழிக்குப் போடு" என்றார். பின்னர்ச் சிரித்துக்கொண்டே முந்தானையைச் செருகி, "தினையை இப்படியா கொல்லுவாங்க? நகரு" என்று அடுப்பருகே அமர்ந்தார். என் கல்வி அங்கே தொடங்கிற்று.

அவர் கற்பித்த முறையைக் கூறுமுன், முழுத்தானியம் என்பது இன்னதென வரையறுத்தல் நன்று. தானியத்தின் மேலே உமி; அதன்கீழ்த் தவிடு; உள்ளே மாப்பகுதி; ஒரு முனையில் முளை. தினையின் உமி மனிதர் உண்ணத்தகாதது. அதனை நீக்கியே ஆகவேண்டும். உமி நீங்கியும் தவிடும் முளையும் நீங்காதிருப்பதே முழுத்தானியம். அத்தவிட்டையும் தீட்டி நீக்கிவிடின், நார்ப்பொருளும் தாதுப்பொருள்களும் பெரும்பாலும் அதனுடன் போய்விடும். கடைகளில் வெளிறிய நிறத்துடன் பளபளப்பாக விற்கப்படுவது பெரும்பாலும் தீட்டிய தினையரிசியே. தீட்டாதது மங்கிய மஞ்சளாய், கையில் அள்ளினால் சிறிது தூளொட்டுவதாய் இருக்கும். தவிட்டில் எண்ணெய்ச் சத்து உண்டாதலின் தீட்டாத அரிசி நெடுநாள் வைத்தால் சிக்கு நாற்றம் அடையும். ஆகவே ஒரு திங்களுக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குதல் தகும். வாங்குமுன் முகர்ந்து பார்க்க நாணவேண்டா. பாட்டியார் கடைக்காரர் முன்னிலையிலேயே முகர்ந்து பார்ப்பார்.

இனி முறை. ஓர் ஆழாக்குத் தினையரிசி நால்வர்க்குத் துணையுணவாக அமையும். ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒரு பங்கு. ஆழாக்கு இல்லாதார் ஒரு குவளையை அளவாகக் கொள்க. எல்லாவற்றையும் அதே குவளையால் அளத்தலே வேண்டுவது. அரிசியை மூன்று நான்கு முறை கழுவி, கடைசி நீரில் மெல்ல ஆட்டி, கல்லும் மணலும் அடியில் தங்குமாறு அரித்தெடுக்க வேண்டும். இந்த அரித்தலை யான் கற்க மூன்று நாள் ஆயின. பின்னர் ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்து வடித்துவிட வேண்டும். யான் முதல்நாள் செய்த பெரும்பிழை ஊறவையாமையே. தவிடு நீங்காத தானியத்துள் நீர் மெல்லத்தான் புகும். ஊறாத தினையை அடுப்பிலேற்றினால் மேற்புறம் வெந்து குழையும்வரை உட்புறம் வேகாது.

ஊறி வடித்த தினை ஓர் ஆழாக்கிற்கு இரண்டு ஆழாக்கு நீர் போதும். அடி கனத்த பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவிட்டு, உப்பிட்டு, தினையைச் சொரிந்து, ஒரே ஒருமுறை கிளறிவிட வேண்டும். மீண்டும் கொதித்து, நீர் தினையின் மட்டத்திற்கு இறங்கியவுடன், தீயை மிகக் குறைத்து மூடிவிட வேண்டும். அதன்பின் கரண்டிக்கு வேலையில்லை. துழாவத் துழாவத் தானியம் உடைந்து மாப்பொருள் வெளிப்பட்டுப் பசையாகும். ஏறத்தாழ 15 நிமிடத்தில் நீர் முழுதும் வற்றும். இறக்கிவைத்து, மூடியைத் திறவாமல் மேலும் 10 நிமிடம் விட்டுவிட வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தில்தான், அடியில் மிகுந்த ஈரம் மேலேறி எல்லாம் ஒருபடித்தாகின்றது. அவ்வமயம் மூடியைத் திறந்து பார்க்க என் கை நீளும். பாட்டியார் அகப்பைக் காம்பினால் அதன்மேல் தட்டுவார். பின்னர் அகன்ற தாம்பாளத்திற் கொட்டி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, அகப்பைக் காம்பினாற் கிளறி ஆறவிட்டால், சோறு ஒன்றோடொன்று ஒட்டாது உதிரும்.

அங்ஙனம் உதிர்ந்த சோற்றைப் பார்த்தபொழுது எனக்குப் பெரும்பாணாற்றுப்படை நினைவிற்கு வந்தது. அதில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், முல்லை நிலத்துச் சிற்றூரிற் கிடைக்கும் வரகுச் சோற்றுக்குப் பூளைப் பூவை உவமை கூறுகின்றார். பூளை என்பது சிறுபீளை. பொங்கலன்று எங்கள் பக்கத்தில் அயல் வீட்டார் வேப்பிலையொடும் ஆவிரம் பூவொடும் சேர்த்துக் கூரையிற் செருகுவது அதுவே. வெண்மையான நுண்ணிய பூக்கள் பஞ்சுபோல் நெருங்கியிருப்பினும், தொட்டால் தனித்தனியே உதிரும். உரையில் 'பூளைப் பூவையொத்த சோறு' என்று படித்து நிறத்திற்கு உவமை என்று எழுதிச் சென்றோம். நிறம் மட்டுமன்று, பதமும் அதனுள் அடங்கியுள்ளது என்றே யான் கருதுகின்றேன். குழையாது, ஒட்டாது, மலர்ந்து நிற்கும் சோறு அது. யான் முதல்நாள் ஆக்கியதைப் புலவர் கண்டிருப்பின் பூளையைச் சொல்லியிரார். வெந்த சோற்றுப் பருக்கைக்கு 'அவிழ்' என்று நம் முன்னோர் பெயரிட்டதும் ஈண்டு நினையத்தக்கது. முறுக்கு அவிழ்ந்து மலர்வது எதுவோ அதுவே சோறு. அவிழாதது அரிசி, அளவுக்குமேல் அவிழ்ந்தது களி.

அச்சோற்றுடன் அவ்வூரார் அவரைப் புழுக்கைச் சேர்த்து உண்டனர் என்றும் அப்புலவரே கூறுகின்றார். அதற்கு வேங்கைப் பூவை உவமிக்கின்றார். இக்கால உணவு நூலார் கூறுவதும் இதனோடு ஒத்தே நிற்கின்றது. சிறுதானியங்களின் புரதத்தில் லைசின் என்னுங் கூறு குறைவு. அவரை, துவரை முதலிய பயறுகளில் அது மிகுதி. இரண்டையும் ஒருங்கே உண்டால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். முல்லை நிலத்தார் லைசினை அறிந்து உண்டனர் என்று யான் சொல்ல வரவில்லை. அத்தகைய பேச்சு நம்மவரிடம் இப்பொழுது மலிந்துவிட்டது. அவர்கள் அறிந்தது சுவையும் வயிற்று நிறைவுமே. அவ்வறிவே அவர்களைச் சரியான இடத்திற் கொண்டு சேர்த்தது.

பாட்டியார் சேர்ப்பது அவரையன்று, நிலக்கடலை. அவர் அதனைக் கடலைக்காய் என்பார். தென்னார்க்காட்டுப் பக்கத்தார் மணிலாக்கொட்டை என்றும் மல்லாட்டை என்றும் வழங்குவர். யாழ்ப்பாணத்தார் கச்சான் என்பர். இது தென்னமெரிக்காவிற் பிறந்து கடல் கடந்து வந்த பயிர். சங்கப் புலவர் எவரும் இதனைக் கண்டிலர். பூ நிலத்தின்மேல் மலர்ந்து, காம்பு கீழ்நோக்கி நீண்டு மண்ணுட் புகுந்து, அங்கே காய்க்கும். ஆங்கிலேயர் இதனைக் கொட்டை வகையுள் வைத்துப் பெயரிட்டனர். செடிநூலார் வகுப்பின்படியோ இது பயற்றினம். வந்த விருந்தினைக் கடலை என்று அழைத்து அதன் இனத்தோடே சேர்த்த பேச்சுத் தமிழின் நுண்ணறிவு வியக்கத்தக்கது. ஆனால் வேர்க்கடலை என்பது அத்துணைப் பொருத்தமன்று. அது வேரிற் காய்ப்பதன்று.

கால் ஆழாக்குக் கடலைப் பருப்பை முதலிற் பொறுக்க வேண்டும். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது எதுவாயினும் எறிந்துவிட வேண்டும். பாட்டியார் இதிற் காட்டிய கண்டிப்பை யான் முதலில் கருமித்தனத்தின் மறுபுறம் என்றெண்ணி நகைத்தேன். பிறகு படித்தறிந்தது: 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவற்றிற்கு இட்ட கடலைப் பிண்ணாக்கிற் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணமென்று ஆராய்ந்து கண்டனர். அந்நஞ்சிற்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். வறுத்தாலும் அது முற்றும் அழியாது. ஆகவே பொறுக்குதலே காப்பு.

பொறுக்கிய பருப்பை எண்ணெயின்றி இரும்புச் சட்டியில் இளந்தீயில் வறுக்க வேண்டும். தீ மிகுந்தால் தோல் கருகும். உள்ளே பச்சை வாடை நிற்கும். பத்து நிமிடம் கைவிடாது கிளறினால் தோலில் ஆங்காங்கே கரும்புள்ளி தோன்றி, வெடிக்கும் ஓசை கேட்கும். இறக்கி ஆறவைத்து, உள்ளங்கையில் தேய்த்து, தோலை ஊதிவிட்டு, ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்ள வேண்டும். சூட்டோடு உடைத்தால் எண்ணெய் கசிந்து ஒட்டும்.

தாளிப்புப்பற்றி விரித்தெழுத ஒன்றுமில்லை. அதனை எல்லா வீட்டாரும் அறிவர். நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, அரிந்த சின்ன வெங்காயம் ஒரு பிடி. வெங்காயம் வதங்கியபின் சோற்றைக் கொட்டிப் புரட்டி, இறக்கிய பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். மிளகாயும் அமெரிக்காவினின்று வந்ததே. பழைமை விரும்புவோர் மிளகு இட்டுக்கொள்ளலாம். யான் இட்டுப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. கடலையை மட்டும் இலையிற் பரிமாறும் வேளையிலேயே தூவ வேண்டும். முன்னரே கலந்தால் சோற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கடலை நமுத்துப்போகும். மென்மையான தினைக்கு நடுவே பல்லிற்படும் அந்த முறுமுறுப்பிலேயே இவ்வுணவின் இன்பம் உள்ளது. கடலை ஒவ்வாதவர் சிலர் உளர். அவர்க்கு அது உயிர்க்கே கேடு விளைக்கலாமாதலின், விருந்தினர்க்கு இடுமுன் கேட்டறிதல் கடமை.

நான்காம் நாள் யான் ஆக்கிய சோறு உதிர்ந்தது. பாட்டியார் ஒரு பிடி உண்டு தலையசைத்தார். அன்று பார்த்து என் தமக்கையாரின் மாமனாரும் மாமியாரும் முன்னறிவிப்பின்றி வந்து சேர்ந்தனர். சம்பந்தியார் வாயிலில் செருப்பைக் கழற்றுமுன் பாட்டியார் அடுக்களைக்கு விரைந்து, தினைச் சட்டியைத் தட்டினால் மூடி அடுப்பின் பின்புறம் தள்ளி, வெள்ளையரிசியை உலையிலிட்டார். யான் தடுத்தேன். "ஏன் பாட்டி, நன்றாகத்தானே இருக்கிறது?" என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "அவங்க வீட்டுக்குப் பொண்ணு குடுத்திருக்கோம் கண்ணு. சோத்துக்கு வழியில்லாம தினையாக்கிப் போட்டாங்கன்னு அவங்க நெனச்சா, அது உன் அக்காளுக்குத்தானே வந்து விடியும்?" என்றார்.

அப்பொழுதே முதல் நாள் அவர் பையைக் கட்டி வைத்ததன் பொருள் எனக்கு விளங்கிற்று. அவர் சிறுமியாக இருந்த காலத்தில் அவ்வீட்டில் நெற்சோறு கிறிஸ்துமஸ், ஈஸ்டர் ஆகிய இரு நாட்களிலேயே உண்டு. மற்றை நாளெல்லாம் சாமையும் தினையும் கேழ்வரகுமே. தினையை உண்பதற்கு முன் அதனை உரலிலிட்டுக் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மீண்டும் குத்த வேண்டும். பொழுது விடியுமுன் எழுந்து அவரும் அவர் அன்னையாரும் மாறி மாறி உலக்கை பிடித்தனராம். நெல் விளைச்சல் பெருகி, நியாய விலைக் கடையில் அரிசி கிடைக்கத் தொடங்கிய பின்னரே அவ்வுலக்கை ஓய்ந்தது. "கையில காப்புக் காய்ச்சிருந்தது, அரிசி வந்தப்புறந்தான் ஆறிச்சு" என்று அவர் பின்னொருநாள் சொன்னார். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதையும், நகரத்தார் இன்று தினையை மிகுந்த விலைக்கு வாங்குவதையும் எடுத்துச் சொன்னேன். "அவங்களுக்கு யாரு குத்திக் குடுக்கறாங்க?" என்று கேட்டார். இப்பொழுது பொறி உமி நீக்குகின்றது என்றேன். "அப்பச் சரி" என்றார். சிறுதானியத்தின் பெருமை பேசுவோர் பலர் அதனைக் குத்திய கையை மறந்து பேசுகின்றனர் என்பது அன்றுமுதல் என் கருத்து. அதனை மருந்தென்று புகழ்வோர்க்கும் ஒரு சொல்: தினைச் சோறும் மாப்பொருளே, நீரிழிவுடையார் அளவறிந்தே உண்ணவேண்டும்.

சம்பந்தியார் செய்திக்கு மீள்வேன். நெடுநேர வாதத்திற்கு இடமில்லை, உலை கொதித்துக்கொண்டிருந்தது. இறுதியில் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். இலையின் நடுவே வெள்ளைச் சோறும் கோழிக் குழம்பும். பொரியல் வைக்கும் இடத்தில், ஒரு கைப்பிடி மட்டும், தினையும் கடலையும். சோறாக அன்று, தொடுகறியாக. அவ்வாறாயின் வறுமை என்று எவரும் சொல்லமாட்டார் என்பது பாட்டியாரின் கணக்கு. பரிமாறும்பொழுது மாமியார், "இதென்ன, புதுசா இருக்குதே?" என்று வினவினார். யான் வாய் திறக்குமுன் பாட்டியார், "பையன் காலேசுப் பாடத்துக்காகச் செஞ்சு பாத்தானுங்க" என்றார். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. குழம்பைத் தினைப்பக்கம் சிறிது இழுத்துப் பிசைந்து உண்டார். இலையில் மிச்சம் வைக்கவுமில்லை.

அவர்கள் சென்றபின் சட்டியில் பாதிக்குமேல் எஞ்சியிருந்தது. கடலை கலவாத பகுதியில் பாட்டியார் நீர் ஊற்றி வைத்தார். மறுநாட் காலையில் அதிற் கெட்டி மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, இரண்டு சின்ன வெங்காயத்தை நசுக்கி என் பக்கம் நகர்த்தினார். வறுத்த கடலையில் ஒரு பிடி தாமும் எடுத்துக்கொண்டார். வாயிற்படியில் அமர்ந்து இருவரும் உண்டோம்.